சர்பத்தில் வந்த வாசம்

முதலில் ஒரு மன்னிப்பு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறக்க எனக்கு இன்றைக்கும் கூச்சம். அப்படிப்பட்டவன் வாராவாரம் பத்திரிகையில் இரண்டு பக்கம் பேசிக்கொண்டிருப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்த ஒரு தைரியத்தில்தான் ஓடுகிறது.

போன வாரம் நான் வேலை பார்த்த ஐஸ் டெப்போவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு அம்மாள், "அவ்வளவு ஐஸுக்கு நடுவில் இருந்தீர்களே, கோடையில் வீட்டில் சர்பத் போட்டுக் குடித்ததுண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

ஒரே ஒரு முறை போட்டோம் அம்மா. விருந்தாளிகளைக் கூப்பிட்டுப் போட்டோம்.

பானையைச் சுற்றி நின்றவர்கள்

சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலரை மணி இருக்கும். மகாபலிபுரத்துக்கு வடக்கே எங்கள் வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில், தண்ணீர் தெளித்த மணல்மேல் ஒரு பெரிய மண்பானை. அதன் கழுத்து வரை நன்னாரி சர்பத். ஐஸ் துண்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதக்கும் சின்னச் சத்தம் கேட்கிறது. பக்கத்தில் பெஞ்சின்மேல் டம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.

மதுராந்தகத்திலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி வந்த மூன்று பேர் அந்தப் பானையைப் பார்த்தபடி நிற்கிறார்கள். பெரியவர் ஒருவர், அவருடைய தங்கையும் மகனும். மூன்று பேருக்கும் உதடு காய்ந்திருக்கிறது. பெரியவர் துண்டால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, துண்டே நனைந்துவிட்டது. ஆனாலும் யாரும் டம்ளரைத் தொடவில்லை.

நான் அவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது.

அவர்களைக் கொஞ்ச நேரம் அங்கேயே நிறுத்திவிட்டு, ஏன் அப்படி ஆனது என்று சொல்லிவிடுகிறேன். பாவம்தான். ஆனால் அன்றைக்கும் அவர்கள் கால் மணி நேரம் நின்றார்கள்.

பரண்மேல் போன தட்டு

எனக்கு ஒரே தங்கை, அம்சா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு நானும், எனக்கு அவளும். பிறகு என் மனைவி கஸ்தூரி வந்தாள். அம்சா வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். அவள் வாயும் அந்த மெஷின் மாதிரிதான். ஓட ஆரம்பித்தால் நிற்காது. எனக்குச் சேர வேண்டிய பேச்சையும் சேர்த்து அவளுக்கே கொடுத்துவிட்டார்கள் என்று கஸ்தூரி சொல்வாள்.

அவளை ஐந்து குடும்பத்தார் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்து முறையும் பித்தளைத் தட்டில் காப்பி வைத்து எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஐந்து முறையும் "ஊருக்குப் போயி லெட்டர் போடறோம்" என்றார்கள். பெண் வீட்டுக்காரர்களுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். தபால்காரர் வரும் நேரத்துக்குக்கூட நாங்கள் காத்திருப்பதில்லை.

ஐந்தாவதாக வந்தவர்களில் ஒரு அம்மாள், அம்சாவின் கை நடுங்கியது என்று சொல்லி, தட்டை உள்ளே கொண்டுபோய் மறுபடி எடுத்துவரச் சொன்னார். அம்சா போனாள். மறுபடி எடுத்து வந்தாள். அப்புறம் கிணறு வரைக்கும் நடந்துவிட்டு வரச் சொன்னார். நடந்தாள். நான் தரையில் ஒரு எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் போன பிறகு அம்சா ஏணி போட்டு ஏறி, அந்தத் தட்டைப் பரணில் கடைசி மூலையில் தள்ளினாள்.

"நான் இன்னா டீக்கட வச்சிகினு கீறேனாண்ணா? இனிமே யார் வந்தாலும் தட்டு தூக்க மாட்டேன். கண்ணாலமே ஆவலன்னாலும் சரி."

ஏணியிலிருந்து இறங்கும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இன்னொன்றும் சொன்னாள்.

"கெணறு வரிக்கும் நடன்னு சொன்னாங்களே, அப்ப நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

நான் ஏணியை எடுத்துச் சுவரோரம் சாத்தினேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் பெண் கேட்டு யாரும் வரவில்லை. தட்டு தூக்காத பெண் என்று பேர் பரவியிருந்தது.

பங்களா மணலில் பார்த்தது

எங்கள் டெப்போவில் மீனுக்குத்தான் ஐஸ். விடியற்காலையில் கரைக்கு வரும் மீனை மரப்பெட்டிகளில் ஐஸும் மீனுமாக அடுக்கி லாரியில் ஏற்றுவோம். பன்னிரண்டு வருஷம் என் கை அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. பஸ்ஸில் போனால் என் பக்கத்து சீட் பெரும்பாலும் காலியாகவே வரும். நான் கூச்சப்படுகிறவன் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுகிறார்கள் என்று நினைத்து மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன்.

எப்போதாவது கடற்கரை பங்களாக்களுக்கும் ஐஸ் பார் கேட்பார்கள். இப்போதுபோல் அன்றைக்கு வரிசையாக பங்களாக்கள் இல்லை. சவுக்குத் தோப்புக்கு நடுவே ஒன்றிரண்டு இருந்தன. ஒரு நாள் அப்படி ஒரு பங்களாவுக்கு நாலு பார் இறக்கப் போனேன். மெட்ராஸ்காரர்கள் ஏதோ விருந்து வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் இல்லை, வெளியே மணலில்.

அந்த மாதிரி விருந்தை நான் பார்த்ததில்லை. பந்தி இல்லை. இலை இல்லை. பரிமாற ஆள் இல்லை. ஒரு மேஜைமேல் எல்லாவற்றையும் வைத்துவிட்டார்கள். வேண்டியவர்கள் போய் வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். பெரிய அதிகாரி மாதிரி இருந்த ஒருவர் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு பெண் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை. அங்கே யார் யாரைப் பார்க்க வந்தார்கள் என்றே சொல்ல முடியாது.

ஒரு அம்மாள் என்னைக் கடந்து போகும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். மணல் பறக்கிறது போலும் என்று நினைத்தேன்.

இதைக் காதர் பாயிடம் சொன்னேன். பாய் எங்கள் மீன் லாரியின் டிரைவர். செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று மீனைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பும்போது அங்கே ஒரு ரைஸ் மில்லிலிருந்து ஐஸ் மூட உமி ஏற்றி வருவார். நான் வாயைத் திறந்து நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசும் ஒரே மனிதர் அவர்தான்.

பாய் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த மில்லுல ஒரு ஃபிட்டர் கீறான். நடராஜன்னு பேரு. வாய் கம்மி, வேல சுத்தம். அவுங்க நைனாகிட்ட நான் பேசறேன். நீ அந்த பங்களாகாரன் மாரி ஒண்ணு வை. பொண்ணு பாக்க வாங்கன்னு சொல்ல வேணாம், சர்பத் குடிக்க வாங்கன்னு சொல்லலாம். அம்சாவும் பத்து பேர்ல ஒருத்தியா நிக்கட்டும். அப்ப எங்க வரும் தட்டு?"

மூன்று முறை கழுவிய பெட்டி

கஸ்தூரிக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. "வந்தவங்க கையில குடுக்காம எப்டிங்க? இன்னா நெனப்பாங்க?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவளே போய்ப் பக்கத்து இரண்டு வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுவிட்டு வந்தாள்.

அம்சா ஒரு நிபந்தனை போட்டாள். "தைக்கிறப்ப கட்டிகினு கீற பொடவையிலதான் இருப்பேன்." சரி என்றேன்.

நுங்கு ஒரு குலை. தர்பூசணி, எங்கள் பக்கத்தில் தர்பீஸ், ஐந்து. மாங்காயைக் கீறி மிளகாய்த்தூள் போட்டு ஒரு குண்டான் நிறைய. பட்டாணி சுண்டல். பாயின் வீட்டம்மா நன்னாரி சர்பத்துக்கு வேண்டியதை எல்லாம் கொடுத்து அனுப்பினார்.

ஐஸ் என் பொறுப்பு. டெப்போவிலேயே நல்ல பெட்டியாகப் பார்த்து எடுத்தேன். உள்ளே தகரம் அடித்த பெட்டி. மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். கஸ்தூரி தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தாள். "சுத்தமா கீது" என்றாள். பாயும் முகர்ந்து பார்த்தார். "ரோசாப்பூ மாரி கீது தம்பி" என்றார்.

புது ஐஸ் வைத்தேன். உடைத்துப் பானையில் போட்டேன். ஆளுக்கு அரை டம்ளர் குடித்துப் பார்த்தோம். அவ்வளவு நல்ல சர்பத்தை நான் அதற்கு முன்னே குடித்ததில்லை.

மூன்று மணிக்குமேல் கடற்காற்று வந்துவிட்டது. வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. பானைக்குள் விழாமல் இருக்க அம்சா ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினாள். ரவிக்கைக்கு லைனிங் போடும் துணி.

"பொண்ண வரச் சொல்லுங்க"

இப்போது அந்த நாலரை மணிக்கு வருகிறேன்.

நான் ஒன்றை மறந்துவிட்டேன். அடுத்தவர் வீட்டில் தானாகக் கை நீட்டி எடுப்பது எங்கள் பக்கத்தில் எவ்வளவு மரியாதைக் குறைவு என்பதைத்தான். வீட்டுக்காரர் கையில் கொடுத்து, வேண்டாம் என்று ஒரு முறை சொல்லி, அவர் வற்புறுத்தி, அதற்குப் பிறகு வாங்குவதுதான் முறை. பானையை வாசலில் வைத்துவிட்டுச் சும்மா நின்றால், அவர்கள் என்ன செய்வார்கள்? விருந்தாளி குடிக்காமல் நாம் எப்படிக் குடிப்பது என்று பக்கத்து வீட்டுக்காரர்களும் நின்றார்கள். பாய்க்குக்கூட அன்றைக்கென்று மரியாதை வந்துவிட்டது.

"எடுத்துக்கோங்க" என்று ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். மனதுக்குள் பதினைந்து முறை சொல்லிவிட்டேன். வெளியே ஒரு முறைகூட வரவில்லை.

நடராஜனின் அத்தை தன் அண்ணனிடம் மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னார். "இன்னாண்ணா, கூப்ட்டு நிக்க வச்சிகினு கீறாங்க?"

"இரு, இன்னும் யாரும் குடுக்கல" என்றார் பெரியவர்.

அத்தை என் பக்கம் திரும்பினார். "தம்பி, பொண்ண தட்டுல வச்சி எடுத்துக்கினு வரச் சொல்லுங்க. தாகமா கீது."

அந்த அம்மாள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தாகம்தான் பேசியது. ஆனால் தட்டு என்ற சொல் கேட்டதும் கஸ்தூரி பரண் பக்கம் பார்த்தாள். பாய் கீழே பார்த்தார்.

அம்சா மரத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளோடு இருந்தாள். இரண்டு கையாலும் ஒரு தர்பீஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் அத்தையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

மணலில் அன்றைக்கும் எறும்பு போய்க்கொண்டுதான் இருந்தது. நான் தலையை நிமிர்த்தினேன்.

"தட்டு பரண்மேல கீதுங்க" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "அத எடுக்கறதா இல்ல. எங்க தங்கச்சி அஞ்சு தடவ தூக்கிடுச்சி. போதும்ங்க. பான இங்க கீது, டம்ளர் இங்க கீது. தயவு பண்ணி அவங்கவங்களே எடுத்துக்கோங்க."

அந்நியர் முன்னால் நான் அதுவரை பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. காது இரண்டும் எரிந்தன. வேப்பமரத்தில் ஒரு காகம் கத்திவிட்டு, நிலைமையைப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

நடராஜன்தான் முதலில் அசைந்தார். பானைக்குப் போனார். அம்சா கட்டிய துணியை அவிழ்த்து ஒழுங்காக நாலாக மடித்துப் பெஞ்சின்மேல் வைத்தார். மூன்று டம்ளர் மொண்டார். அப்பாவிடம் ஒன்று. "இந்தா அத்த, குடி" என்று அத்தையிடம் ஒன்று. மூன்றாவதைத் தானே குடித்தார்.

பாதியில் நின்றுவிட்டார். தொண்டையில் முடிச்சு மேலே ஏறியது. இறங்கவில்லை.

அத்தையின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு வேப்பமரத்தின் உச்சியைப் பார்த்தார்.

என் பேச்சுதான் அவர்கள் தொண்டையில் நிற்கிறது என்று நினைத்தேன். எல்லாம் முடிந்தது, இனி லெட்டர்தான்.

யாருக்கும் தெரியாத வாசம்

அம்சா தர்பீஸைக் கீழே வைத்துவிட்டு நேராக நடராஜன் எதிரில் வந்து நின்றாள்.

"இன்னாங்க, சக்கர பத்தலியா?"

"சக்கரலாம் சரியாதாங்க கீது."

"அப்ப இன்னா?"

அவர் டம்ளரைப் பார்த்தார். "சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லலன்னாதான் கோச்சிப்பேன்."

"மீன் வாசம் அடிக்குதுங்க."

அத்தை வேப்பமரத்து வேரருகே ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தார். "வாசமாடா அது? வஞ்சரமே உள்ள நீஞ்சிகினு கீது!"

நான் ஒரு டம்ளர் எடுத்து முகர்ந்தேன். நன்னாரி மணந்தது. கஸ்தூரி முகர்ந்தாள். "ஒண்ணியும் இல்லீங்களே" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து முகர்ந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. பாய் குடித்தே பார்த்தார். "இன்னா வாசம்? ஒண்ணியும் இல்லியே" என்று இன்னொரு டம்ளர் மொண்டார்.

கடற்கரை மூக்குகள் பதினொன்று ஒரு பக்கம். மதுராந்தகத்து மூக்குகள் மூன்று ஒரு பக்கம். பதினொன்றும் ஒன்றும் இல்லை என்கின்றன. மூன்றும் மீன் என்கின்றன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பங்களாவில் அந்த அம்மாளின் கைக்குட்டை. பஸ்ஸில் எப்போதும் காலியாக வரும் பக்கத்து சீட். பெட்டி மட்டும் இல்லை, நாங்கள் எல்லாருமே வருஷக்கணக்காக அந்தத் தண்ணீரில் ஊறிப்போனவர்கள்.

பெரியவரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து அத்தை சிரித்தார். அம்சாவுக்குச் சிரிப்பு வந்தால் நிற்க முடியாது. மணலில் உட்கார்ந்தேவிட்டாள்.

"அண்ணா, அஞ்சு பேர தொரத்தறதுக்கு நீ தட்டுல காப்பி குடுத்த. இந்த தடவ ஒரு டம்ளர் சர்பத்தே போதும்!"

"நான் இன்னும் போவலியேங்க" என்றார் நடராஜன்.

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவர் முகம் சிவந்துபோய் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சப்படுகிறவனை இன்னொரு கூச்சப்படுகிறவனுக்குத்தான் தெரியும். அந்த ஒரு வரியை வெளியே தள்ள அவர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அம்சா எழுந்து மணலைத் தட்டினாள். தர்பீஸை அவர் பக்கம் காலால் உருட்டிவிட்டாள். "அப்ப இத அறுங்க. இதுல ஐஸ் படல."

ஃபிட்டர் வேலைக்காரர் அல்லவா, அளந்து அறுத்தார். எல்லாத் துண்டும் ஒரே கனம். அம்சா அதில் ஒன்றை எடுத்து, கோணலாக இருக்கிறது என்றாள். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இல்லியே" என்றார். அதைப் பற்றி ரொம்ப நேரம் பேசிக்கொண்டார்கள்.

உண்மையில் விருந்து அப்போதுதான் ஆரம்பித்தது. அதற்குமேல் யாரும் யார் கொடுப்பதற்கும் காத்திருக்கவில்லை. அத்தை கயிற்றுக் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் நுங்கு நோண்டித் தின்றார். முழங்கை வரைக்கும் வழிந்தது. பெரியவர் சுண்டல் குண்டானைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். சர்பத் வீணாகவில்லை. பதினொரு பேரும் சேர்ந்து பானையைக் கவிழ்த்தோம். பாய் மட்டும் நாலு டம்ளர்.

ஆறு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். திருக்கழுக்குன்றம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நானும் கஸ்தூரியும் அந்த லெட்டர் வார்த்தைக்குக் காத்துக்கொண்டு நின்றோம்.

பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டே பேசினார். "அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க எல்லாரும் மதுராந்தகத்துக்கு வாங்க தம்பி. பொண்ணும் வரட்டும். எங்க வூட்ட அது பாக்கட்டும். புடிச்சா சொல்லட்டும். ஒண்ணு இப்பவே சொல்லிடறேன், மில்லு பக்கத்துலயே வூடு. நெல்லு அவிக்கிற வாசம் கொடலப் புடுங்குதுன்னு வரவங்கள்லாம் சொல்றாங்க. எங்களுக்கு ஒண்ணியும் தெரியல."

"உங்க புள்ள தட்டு எடுத்துக்கினு வருவாரா?" என்று அம்சா கேட்டாள். கஸ்தூரி அவள் இடுப்பில் கிள்ளினாள்.

"வருவான், வருவான்" என்றார் அத்தை. "கெணறு வரிக்கும் நடன்னாலும் நடப்பான். நீ வந்து பாரு."

அத்தை நுங்கு தின்றுகொண்டிருந்தபோது பாய் கிணற்றுக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும். அம்சா என்னைப் பார்த்தாள். நான் பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அந்த ஐஸ் பெட்டியைச் சோடா உப்பு போட்டு நாலாவது முறையாகக் கழுவி, டெப்போவுக்கு எடுத்துப் போனேன். வழியில் சைக்கிளை நிறுத்தி ஒரு முறை முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.